மருந்தியல் மேதை சுப்பாராவ்

மக்களை வருத்தும் நோய்களுள் வயிற்று நோய் மிகப் பழைமையானது. உண்ட உணவு செரித்தால் உடல் வளரும். செரியாது கழிந்தால் உடல் தேயும். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இஞ்சியும் சுக்கும் சீரகமும் மோரும் நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கிவருவதற்கு அவ்வறிவே காரணமாகும். ஆயினும், ஒரு பொருள் வயிற்றுக்கு நன்மை செய்கிறது என்று நம்புவது வேறு. அது நன்மை செய்வதை ஐயம் திரிபறக் காட்டுவது வேறு. நம்பிக்கையிலிருந்து சான்றுக்குச் செல்லும் வழி நெடியது, இடர் மிக்கது. அவ்வழியில் தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ஒருவர், சென்னையில் மருத்துவம் பயின்று, அமெரிக்க நாட்டில் ஆராய்ச்சி செய்து, அங்கேயே உயிர் நீத்தார். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

பிறப்பும் இளமையும்

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததும், இந்நாளில் ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளதுமான பீமவரம் என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தையார் பெயர் செகந்நாதம். தாயார் பெயர் வெங்கம்மா. மக்கள் பலர், வருவாயோ சிறிது. வறுமை அவ்வீட்டில் விருந்தினர்போல் வந்து, உறவினர்போல் தங்கிவிட்டது.

சிறுவராயிருந்தபோது சுப்பாராவுக்குக் கல்வியில் மனம் பற்றவில்லை. காசிக்குச் சென்று, அங்கு வரும் அடியார்களுக்குப் பழம் விற்றுப் பொருள் ஈட்டலாம் என்று எண்ணி, ஒருநாள் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். தாயார் அவரைத் தடுத்து மீட்டுவந்து, மீண்டும் பள்ளியில் சேர்த்தார். தந்தையார் மறைந்தபின் குடும்பப் பாரம் முழுவதும் அவ்வம்மையார் தோள்மேல் விழுந்தது. ஆயினும் அவர் மகனுடைய கல்வியை இடையில் நிறுத்த உடன்படவில்லை.

சுப்பாராவ் பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். பின்னர்ச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று, மூன்றாம் முறையே வெற்றி பெற்றார். அதன்பின் மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்புப் பயின்றார். பள்ளித் தேர்வில் தவறியவர் பிற்காலத்தில் எதனையும் சாதிக்க இயலாது என்று கருதுவோர், இவருடைய வரலாற்றை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

மருத்துவக் கல்வி

சென்னையில் வாழ்ந்த காலத்தில் இராமகிருட்டிணர் இயக்கத்தின் தொண்டு இவருடைய உள்ளத்தைக் கவர்ந்தது. துறவு பூண்டு மக்களுக்குப் பணிசெய்ய விரும்பினார். தாயார் அதற்கு இசையவில்லை. மருத்துவம் கற்றாலும் மக்கட்பணி செய்யலாம் என்று பெரியோர் அறிவுறுத்தினர். எனவே அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நண்பர் சிலரும், பின்னாளில் மாமனாரான கசுதூரி சூரியநாராயணமூர்த்தியும் கல்விச் செலவுக்கு உதவினர். 1919ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது.

அப்பொழுது நாடெங்கும் விடுதலை வேட்கை பரவியிருந்தது. அயல்நாட்டு ஆடையை விலக்குமாறு காந்தியடிகள் அறைகூவல் விடுத்தார். சுப்பாராவ் அவ்வழி நின்று, கதராடை உடுத்தே அறுவை மருத்துவ வகுப்புக்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்கு விடை எழுதியிருந்தும், 1921ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். என்னும் சான்றே கிடைத்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார்; அதுவும் வாய்க்கவில்லை.

தமையனும் தம்பியும்

பட்டம் குறைந்தது ஒரு வருத்தமே. ஆனால் அக்காலத்தில் அவருடைய குடும்பத்தில் நேர்ந்த துன்பத்தின்முன் அவ்வருத்தம் ஒன்றுமில்லாமற் போயிற்று. தமையனார் புருசோத்தமனும் தம்பி கிருட்டிணமூர்த்தியும் ஒரே நோயால், சில நாள் இடைவெளியில், ஒருவர்பின் ஒருவராக இறந்தனர்.

அந்நோய் நம் நாட்டில் கிராணிக் கழிச்சல் என வழங்கும் நோய்வகையைச் சார்ந்தது. மேனாட்டு மருத்துவர் அதனை வெப்பநாட்டு ஸ்புரூ என்பர். வாந்திபேதியைப்போல ஓரிரு நாளில் உயிரைக் கவர்வதன்று அது. நாள்தோறும் வயிறு கழியும். மலம் வெளுத்து, நெய்ப்பசையுடன் மிகுதியாகப் போகும். நாக்கு சிவந்து புண்ணாகும். உணவை வாயில் வைக்கவும் இயலாது. திங்கள்கள் செல்லச்செல்லக் குருதி வற்றிச் சோகை காணும், உடல் எலும்புக்கூடாகும். உண்பவர் உண்டுகொண்டேயிருக்கப் பசியால் இறப்பது போன்ற நிலை அது.

இதன் காரணத்தை இன்று ஓரளவு அறிந்துள்ளோம். சிறுகுடலின் உட்புறத்தில் விரல்போன்ற நுண்ணிய முளைகள் எண்ணற்றவை உள்ளன. உணவின் சத்தை உறிஞ்சிக் குருதிக்குத் தருபவை அவைதாம். இந்நோயில் அம்முளைகள் மழுங்கிக் குறுகிவிடுகின்றன. ஆகவே கொழுப்பும் உயிர்ச்சத்துக்களும் உறிஞ்சப்படாமல் வீணாகின்றன. குடலின் உட்போர்வையில் உள்ள உயிரணுக்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதியனவாகத் தோன்றுவன. அவை தோன்றுவதற்கு ஒரு குறிப்பிட்ட உயிர்ச்சத்துத் தேவை. கெட்ட குடல் அச்சத்தை ஏற்காது. சத்துக் கிடைக்காத குடல் மேலும் கெடும். உழவன் விதைநெல்லையும் உண்டுவிட்டால் மறு விளைச்சலுக்கு வழியின்றிப் போவதை ஒத்தது இது. ஆனால் 1921ஆம் ஆண்டில் அந்த உயிர்ச்சத்தின் பெயரைக்கூட உலகில் எவரும் அறியார். மருத்துவம் பயின்ற சுப்பாராவ், உடன்பிறந்தார் இருவர் தேய்ந்து மடிவதைக் காண நேர்ந்தது.

உயிர் பிழைத்தமை

அந்நோய் சுப்பாராவையும் பற்றியது. அப்பொழுது அவருக்குச் சிகிச்சை அளித்தவர் மருத்துவர் ஆசண்ட இலக்குமிபதி ஆவார். அவர் மேனாட்டு மருத்துவத்தில் பட்டம் பெற்றவர், ஆயுர்வேதத்திலும் வல்லவர். 1930ஆம் ஆண்டில் வேதாரணிய உப்பு அறப்போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவரும், பின்னர்ச் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சராக விளங்கியவருமான உருக்குமிணி இலக்குமிபதி அம்மையாரின் கணவர் இவரே. இலக்குமிபதி அளித்த நாட்டு மருந்துகளை உண்டு சுப்பாராவ் உடல் தேறினார். சென்னையில் இருந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்று விரிவுரையாளராகவும் பணியேற்றார்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. மூவரை ஒரே நோய் பற்றியது, இருவர் இறந்தனர், ஒருவர் பிழைத்தார். பிழைத்தவரைக் காத்தது எது? மருந்தா, உடன் அளித்த பத்திய உணவா, அவருடைய உடல் வலிமையா, நோயின் தன்மை தானே மாறியதா? ஒருவர் நலம் பெற்றதை மட்டும் கொண்டு இவ்வினாவிற்கு விடை கூற இயலாது. மருந்தில் உள்ள பொருள் யாது, அஃது உடலில் என்ன செய்கிறது, எத்தனை பேரிடத்தில் செய்கிறது என்பவை தெளிந்தாலன்றி, அடுத்த நோயாளிக்கு உறுதி கூறுவது எங்ஙனம்? நாட்டு மருந்துகளின் இயல்பை வேதியியல் வழியாக ஆராய வேண்டும் என்னும் விருப்பம் அவரிடம் வலுப்பெற்றது. அதற்கான ஆய்வுக்கூடங்கள் அந்நாளில் இங்கு இல்லை. ஆகவே கடல் கடந்து செல்லத் துணிந்தார். காக்கிநாடாவில் இருந்த அறக்கட்டளை ஒன்று உதவி அளிக்க முன்வந்தது; மாமனாரும் பொருள் திரட்டித் தந்தார். இளம் மனைவியை விட்டுப் பிரிந்து, 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார்.

அயல்நாட்டில் அரும்பாடு

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்களைப்பற்றி அவர் பயின்றார். கையிற் பொருள் இல்லை. அவருடைய இந்திய மருத்துவச் சான்றைக்கொண்டு அங்கு மருத்துவத் தொழில் செய்ய இயலவில்லை. ஆகவே மருத்துவமனையொன்றில் இரவு நேரப் பணியாளராக அமர்ந்து, நோயாளிகளின் மலக்கலங்களைக் கழுவி வயிறு வளர்த்தார். மருத்துவம் கற்ற ஒருவர் அப்பணியை இழிவென்று எண்ணி விலகியிருத்தல் கூடும். அவர் அங்ஙனம் எண்ணினார் அல்லர். பகலில் கல்வி, இரவில் தொண்டு என நாட்கள் நகர்ந்தன. ஊரில் அவருக்குப் பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்தான். தந்தை அக்குழந்தையின் முகத்தைக் காணவே இல்லை.

பின்னர் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்கி என்னும் அறிஞருடன் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்வரத்தின் அளவை நிறத்தைக்கொண்டு கணிக்கும் முறையொன்றை இருவரும் வகுத்து, 1925ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாஸ்வரம் மிகுந்தால் கரைசலின் நீல நிறம் மிகும். குறைந்தால் நிறம் குறையும். எளிய இம்முறை ஃபிஸ்கி-சுப்பாராவ் முறை என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது.

அந்த அளவுகோல் கைக்கு வந்தபின் புதையல்கள் தொடர்ந்து வெளிப்பட்டன. தசையில் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருள் உளதென்பதை 1927ஆம் ஆண்டிலும், ஏ.டி.பி. எனச் சுருங்க வழங்கும் அடினோசின் டிரைபாஸ்பேட்டை 1929ஆம் ஆண்டிலும் அவர்கள் அறிவித்தனர். செருமனியில் கார்ல் லோமன் என்பாரும் அதே காலத்தில் ஏ.டி.பி.யைத் தனியே கண்டறிந்தார். நாம் ஓடுவதற்கும் எழுதுவதற்கும் மூச்சு விடுவதற்கும் வேண்டிய ஆற்றலை உயிரணுக்களில் வழங்கும் பொருள் அதுவே. இன்று உயிரியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அப்பெயரைக் கற்கின்றனர். அதனைக் கண்டவருள் ஒருவர் திருவல்லிக்கேணியில் படித்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1930ஆம் ஆண்டில் அவர் டாக்டர் பட்டம் பெற்றார். ஈரலின் சாற்றில் உள்ள, சோகையைத் தீர்க்கும் பொருளைப் பிரித்தெடுக்கப் பல்லாண்டு முயன்றார். ஆயினும் ஆர்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. ஆகவே 1940ஆம் ஆண்டில் நியூயார்க்கு மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சித் தலைவராக உயர்ந்தார்.

உயிர்ச்சத்தைத் தேடுதல்

அவர் அங்கு மேற்கொண்ட பணியின் தொடக்கம் நம் நாட்டிலேயே உள்ளது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணி 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து, கருவுற்ற ஏழைப் பெண்களிடம் காணப்பட்ட கொடிய சோகையை ஆராய்ந்தார். மலிவான ஈஸ்டுச் சாறு அதனைத் தீர்ப்பதைக் கண்டு, 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாற்றில் அடங்கிய பொருள் யாது என்பது தெரியவில்லை. 1941ஆம் ஆண்டில் டெக்சாசு பல்கலைக்கழகத்தார் நான்கு டன் கீரையிலிருந்து சிறிதளவு பொருளைப் பிரித்தெடுத்து, இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

நான்கு டன் கீரையைக் காய்ச்சிச் சிறிதளவு மருந்து எடுத்தால் அஃது எத்தனை நோயாளருக்குப் போதும்? அப்பொருளை ஆய்வகத்திலேயே ஆக்கும் வழி வேண்டும். சுப்பாராவின் தலைமையில் வேதியியலாரும் நுண்ணுயிரியலாரும் கூடி அம்முயற்சியில் இறங்கினர். கண்ணுக்குத் தெரியாத அப்பொருள் ஒரு கரைசலில் உள்ளதா, எவ்வளவு உள்ளது என்பதை அறிய அவர்கள் கையாண்ட கருவி வியப்புக்குரியது. அது பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்க் குடும்பத்தைச் சேர்ந்த லாக்டோபாசில்லஸ் கேசி என்பதாகும். இந்நுண்ணுயிர் ஃபோலிக் அமிலம் இன்றி வளராது. ஒரு துளிக் கரைசலை இட்டதும் அது செழித்து வளர்ந்தால் தேடும் பொருள் அதில் உண்டு, வளராவிடில் இல்லை. தயிரின் உறவான ஒரு சிற்றுயிர் அறிவியலாரின் துலாக்கோலாக நின்றது. அதனால் அப்பொருளுக்கே முதலில் லாக்டோபாசில்லஸ் கேசிக் காரணி என்ற பெயரும் வழங்கியது.

1945ஆம் ஆண்டில் அப்பொருளைச் செயற்கையாக ஆக்கிய செய்தியை அவர்கள் வெளியிட்டனர். மறு ஆண்டில் அதன் அமைப்பையும் விளக்கினர். அவ்வமைப்பை விளக்கிய கட்டுரையில், தம்முடன் உழைத்தோர் பலருடைய பெயர்களுக்கிடையே தம் பெயரையும் ஒன்றாகவே சுப்பாராவ் வைத்துக்கொண்டார்.

சான்றின் உரைகல்

பொருள் கிடைத்தது, ஆனால் அது நோயைத் தீர்க்குமா? டாம் ஸ்பைஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் அதனை முதலில் அலபாமா மாநிலத்தில் சோகை நோயாளர்க்கும், பின்னர்க் கியூபா, போர்ட்டோ ரிக்கோ ஆகிய தீவுகளில் ஸ்புரூ நோயாளர்க்கும் அளித்துப் பார்த்தார். நாக்கின் புண் ஆறியது, கழிச்சல் குறைந்தது, பசி தோன்றியது, குருதி ஊறியது. கால் நூற்றாண்டுக்குமுன் தமையனையும் தம்பியையும் கவர்ந்த நோய்க்கு ஒரு மருந்து, சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்தே புறப்பட்டது.

எனினும் அப்பொருள் எல்லா நோய்க்கும் மருந்தாகிவிடவில்லை. பெர்னிசியஸ் சோகை என்னும் கொடிய சோகையில் அது குருதியைப் பெருக்கியது. ஆனால் நரம்புகளின் கேட்டைத் தடுக்கவில்லை. குருதி தேறியதைக் கண்டு நோய் தீர்ந்ததென மயங்கியிருக்க, உள்ளே நரம்பு கெடுவதும் உண்டு. ஈரலில் சுப்பாராவ் நெடுங்காலம் தேடிய அச்சோகையின் உண்மை மருந்து பி12 என்னும் உயிர்ச்சத்தே என்பது 1948ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அதனைப் பிரித்தெடுத்தவர்கள் வேறு இரு நிறுவனத்தார். எது தீர்க்கும், எது தீர்க்காது என இரண்டையும் உரைப்பதே சான்றாகும். நன்மையை மட்டும் சொல்லி, எல்லையைச் சொல்லாது விடுவது விளம்பரமாகும்.

மற்றுமுள்ள மருந்துகள்

ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைச் சிறிது மாற்றினால், அதற்கு எதிராகச் செயற்படும் பொருள் கிடைத்தது. குருதிப் புற்றுநோயில் விரைந்து பெருகும் அணுக்களுக்கு அவ்வுயிர்ச்சத்து இன்றியமையாதது. ஆகவே அதனைத் தடுத்தால் அவை பெருகுவதும் தடைப்படும். லெடர்லி ஆய்வகம் ஆக்கியளித்த அமினாப்டெரின் என்னும் அம்மருந்தைப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அளித்தார். அவர்களுள் 10 பேரிடத்தில் நோய் சில காலம் தணிந்ததை 1948ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். அத்தணிவு நிலைக்கவில்லை. ஆயினும் புற்றுநோய்க்கு மருந்து உண்டு என்னும் நம்பிக்கை அன்று பிறந்தது. அவ்வழியில் வந்த மெத்தோடிரெக்சேட் இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை ஒழிக்கும் டைஎதில்கார்பமசின் என்னும் மருந்து 1947ஆம் ஆண்டில் அதே ஆய்வகத்திலிருந்து வந்தது. கொசுவால் பரவும் அந்நோய் செங்கற்பட்டு முதலிய நம் பகுதிகளில் பன்னெடுங்காலம் மக்களை வருத்தியதாகும். மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெஞ்சமின் டக்கர் என்னும் முதிய அறிஞர் அங்குக் கண்டெடுத்த ஆரியோமைசின், 1948ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. டெட்ராசைக்கிளின் என வழங்கும் மருந்துக் குடும்பத்துக்கு அதுவே மூத்தது.

கிராணிக் கழிச்சலின் வரலாறு இங்கு மீண்டும் வந்து சேர்கிறது. 1960களின் தொடக்கத்தில் வடஆர்க்காட்டுச் சிற்றூர்களில் அந்நோய் கொள்ளைநோய்போல் பரவியது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பேக்கர், மாதன் முதலிய மருத்துவர்கள் அதனைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். இந்நோயாளரின் சிறுகுடலில் தீய நுண்ணுயிர்கள் மிகுதியாகக் குடியேறியிருத்தல் தெரியவந்தது. அவற்றை ஒழிக்க டெட்ராசைக்கிளின், கெட்ட குடலைப் புதுப்பிக்க ஃபோலிக் அமிலம் என இரண்டையும் சில திங்கள் சேர்த்தளிப்பதே இந்நோய்க்குரிய மருத்துவமாக நிலைபெற்றது. ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழியும், டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த மருந்தும் சுப்பாராவ் தலைமை தாங்கிய ஒரே ஆய்வகத்தில் சில ஆண்டு இடைவெளியில் தோன்றியவை. இந்த இணைப்பைக் காண அவர் உயிரோடில்லை.

மறைவு

1948ஆம் ஆண்டு ஆகசுடுத் திங்களில் ஓர் இரவு உறங்கச் சென்ற சுப்பாராவ் மறுபடி விழிக்கவில்லை. இதய நோய் அவரைக் கொண்டது. அப்பொழுது அவருக்கு வயது 53. அமெரிக்கக் குடியுரிமை பெறும் வாய்ப்பு இருந்தும் அதனை அவர் ஏற்கவில்லை. இந்தியராகவே வாழ்ந்து இந்தியராகவே மறைந்தார். விடுதலை பெற்ற தாய்நாட்டை அவர் காணவில்லை. அவரை எதிர்நோக்கியிருந்த மனைவியாரும் கணவரை மீண்டும் காணவில்லை. பிறருடைய குடும்பங்கள் அழியாமற் காத்த பெரியோர், தம் குடும்ப வாழ்வை அதற்கு விலையாகக் கொடுத்தார். 1953ஆம் ஆண்டில் ஒரு பூசண வகைக்குச் சுப்பாரோமைசிஸ் என அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருடைய நூற்றாண்டாகிய 1995ஆம் ஆண்டில் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

நாம் பெறும் பயன்

அவர் தேடிய பொருள் இன்று நம் வீட்டு வாயிலுக்கே வந்துள்ளது. பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் மேடவாக்கத்திலும், ஏன், தமிழ்நாடெங்கும் உள்ள அரசு சுகாதார நிலையங்களில் கருவுற்ற மகளிர்க்கு வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலம் உண்டு. பள்ளி மாணவ மாணவியர்க்கு வாரந்தோறும் தரும் நீலநிற மாத்திரையிலும் அஃது உண்டு. கருவுறுவதற்கு முன்னும் கருவுற்ற தொடக்கத்திலும் அதனை உண்டால், குழந்தையின் மூளையும் தண்டுவடமும் குறைபட்டுப் பிறத்தல் பெரிதும் குறையும் என்பது 1991ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது. ஏழு நாடுகளில், 33 இடங்களில் நிகழ்ந்த அவ்வாய்வில், முன்னர்க் குறையுடைய மகவைப் பெற்ற தாய்மாருக்கு அக்குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு எழுபது அளவு தவிர்ந்தது.

அவருடைய ஆய்வகத்தில் துலாக்கோலாய் நின்ற லாக்டோபாசில்லஸ் குடும்பம் இன்று தானே மருந்தாக விற்கப்படுகிறது. நன்மை செய்யும் நுண்ணுயிர்களைத் தயிராகவும் பொடியாகவும் குப்பியாகவும் உண்டால் வயிறு நலம்பெறும் என்னும் கருத்தை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசு நகரின் பாஸ்டர் நிலையத்தில் இருந்த மெச்னிக்காவ் என்னும் உருசிய அறிஞர் பரப்பினார். அக்கருத்தும் உரைகல்லில் உரைத்துப் பார்க்கவேண்டியதே. ஒடிசாவின் சிற்றூர்களில் பிறந்த 4,556 குழந்தைகளிடத்தில் நிகழ்த்தி 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், இக்குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நுண்ணுயிரை அதற்குரிய நார்ச்சத்துடன் ஒரு வாரம் அளித்ததால், குருதி நஞ்சாதலும் இறப்பும் நூற்றுக்கு 9 என்னும் அளவிலிருந்து ஏறத்தாழ 5 ஆகக் குறைந்தன. ஆனால் 2018ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும், வயிற்றுப்போக்குற்ற ஏறத்தாழ 1,800 குழந்தைகளிடத்தில் நிகழ்த்திய இரு ஆய்வுகளில், வேறு வகை நுண்ணுயிர்களால் பயன் ஒன்றும் காணப்படவில்லை. ஒரே குடும்பத்தில் பிறந்தாரும் ஒரே தொழில் செய்யாதவாறுபோல, ஒரு நுண்ணுயிர் தந்த பயனை மற்றொன்றும் தரும் எனக் கொள்ளலாகாது. எந்நுண்ணுயிர், எவ்வளவு, எந்நோய்க்கு, யாருக்கு என்று வினவிய பின்னரே நம்புதல் வேண்டும். மோரும் தயிரும் நல்ல உணவு என்பதில் ஐயமில்லை. அவற்றையே நோய்க்கு மருந்தெனக் கொண்டு மருத்துவரை நாடாதிருத்தல் தீங்காகும். வயிற்றுப்போக்குற்ற குழந்தைக்கு முதலில் வேண்டுவது உப்பும் சர்க்கரையும் அளவோடு கலந்த நீரே.

தாம்பரம் சானடோரியத்தில், 1928ஆம் ஆண்டில் மருத்துவர் டேவிட் சௌரி முத்து காசநோயாளர்க்காக நிறுவிய நலவிடுதி, இன்று அரசின் பெரிய நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது. அதே பகுதியில் 2005ஆம் ஆண்டுமுதல் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் நாட்டு மருத்துவத்தைக் கற்பித்தும் ஆராய்ந்தும் வருகிறது. மேனாட்டு மருத்துவமும் நம் நாட்டு மருத்துவமும் ஒரே ஊரில் அருகருகே நோயாளரை வரவேற்கின்றன. ஒருகாலத்தில் இவ்விரண்டும் ஒரு மனிதரின் வாழ்விலேயே ஒன்றுகூடின. நாட்டு மருந்தால் உயிர் பிழைத்த சுப்பாராவ், அதனை இகழவும் இல்லை. ஆராயாமல் புகழவும் இல்லை. பழையது என்பதற்காக ஒன்றைத் தள்ளுதலும், புதியது என்பதற்காக ஒன்றைக் கொள்ளுதலும் அறிவுடைமை ஆகா. எந்த மருந்தாயினும், எவர் சொன்னதாயினும், நோயாளியின் நலத்தைக் கொண்டே அதனை அளந்தறிதல் வேண்டும். அவ்வாறு அளந்தறிந்த ஒருவரின் உழைப்பால், அவருடைய பெயரையும் அறியாத எண்ணற்ற தாய்மார்களும் குழந்தைகளும் இன்று நலமாய் வாழ்கின்றனர்.